ஒன்றேகால் சம்பளம்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 33. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்து 8 வருடம் 10 மாதம் ஆகிறது. கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. என் வீட்டுக்காரருக்கு வயது 39, அவருக்கும் காரைக்குடியில்தான் வேலை, கைக்கு 44,000. பள்ளத்தூரில் மாமனார் வழியில் வந்த பெரிய வீட்டில் எங்கள் பங்கில் குடியிருக்கிறோம். வாடகை இல்லை. மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு ஒன்றரை வயது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் முகப்புப் படியில் விழுந்து, முழங்காலில் ஆபரேஷன் ஆகி உட்கார்ந்துவிட்டார். இப்போது பிள்ளையைப் பார்க்கக் கூலிக்கு வருகிற அம்மா தை முடிந்ததும் தன் மகள் பிரசவத்துக்காகத் திருப்பூர் போகிறார். “வேலையை விட்டுவிடு, சமாளிப்போம்” என்கிறார் கணவர். மதுரையில் தனியாக இருக்கும் என் அம்மாவோ, “கைக்காசை விட்டுவிடாதே” என்கிறார். மாதச் செலவுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். மொத்தம் 58,400. ஒரு சம்பளத்தில் எங்களால் குடும்பம் நடத்த முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் பட்டியல் நன்றாக இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் எழுதியது என்று பார்த்தவுடன் தெரிகிறது. பால் 3,000, மாமியார் மருந்து 3,500, பள்ளி வேன் 1,800 என்று எதையும் விடவில்லை. ஆனால் ஒன்று உதைக்கிறது. இருவர் சம்பளமும் சேர்ந்து 70,000. செலவு 58,400. அப்படியானால் மாதம் 11,600 மிஞ்ச வேண்டும், வருஷத்துக்கு 1,39,200. நீங்களோ அதே கடிதத்தில், “மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் எங்கே போகிறது?

பட்டியலில் இல்லை. கடிதத்தின் மற்ற பக்கங்களில் இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் சொன்னவற்றை நான் ஒரு தாளில் கூட்டினேன். மகளின் பள்ளிக் கட்டணம் 42,000. கூரை வேலைக்காக வைத்த நகைக்கு 2 லட்சம் கடன், அதற்கு வட்டி 18,000. எல்.ஐ.சி. பிரீமியம் 24,000, கார் இன்சூரன்ஸ் 12,000. பெரிய வீட்டில் உங்கள் பங்குக்கு வெள்ளையடிப்பு, ஓடு மாற்றல், புள்ளி வரி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊரில் போடும் வரி) எல்லாம் சேர்த்து 20,000. தீபாவளி, பொங்கல், துணிமணி 25,000. ஆக 1,41,000. மிஞ்ச வேண்டிய தொகையைவிடக் கூடுதலாகவே வந்துவிட்டது. இதில் மொய் சேரவில்லை. போன வருஷம் மட்டும் பதினொரு கல்யாணம், மூன்று சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) என்று எழுதியிருக்கிறீர்கள். தலைக்கு ஆயிரம் என்று வைத்தாலே 14,000.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. இரண்டு சம்பளமே உங்களுக்குப் போதவில்லை. நகையை வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறீர்களே, அதுதான் இதற்குச் சாட்சி.

நான் வங்கியில் நகைக்கடன் கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன். திருப்பி வைக்க வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். கையில் வட்டிக்கான பணம் மட்டும் சுருட்டி இருக்கும். ஒரு அம்மா ஒவ்வொரு ஆவணியிலும் வருவார். மதிப்பீட்டாளர் பையைப் பிரித்து எடை போட்டு முடித்ததும், “சார், ஒரு தடவை கையில் கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்பார். இரட்டைவடச் சங்கிலி. உள்ளங்கையில் வைத்துக் கொக்கியை ஒரு தரம் மாட்டிக் கழற்றிவிட்டுத் திரும்பக் கொடுப்பார். ஆறு வருஷம் அப்படி நடந்தது. அவர் வீட்டிலும் இரண்டு சம்பளம்தான்.

மாதக் கணக்கு என்பது சம்பளக்காரர் காலத்தில் வந்த பழக்கம். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் அப்படி அளக்கவில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டி ‘வேறு வைப்பார்கள்’. ஒரு வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சாமான், இவ்வளவு ரொக்கம் என்று கொடுத்துவிடுவார்கள். அதற்குள் நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் அப்பத்தா வைத்திருந்த நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, ஓரத்தில் மஞ்சள் கறை. சித்திரைப் பக்கத்தில் வடகத்துக்கு உளுந்து, ஐப்பசிப் பக்கத்தில் ஓடு மாற்ற ஆள் கூலி, நடுவில் ‘மேல வீட்டுக் கல்யாணம், மொய் 5’. எந்தச் செலவு எந்த மாதம் வரும் என்பது அந்த அம்மாளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. உங்கள் பட்டியலில் இல்லாமல் போனது இந்தப் பக்கங்கள்தான். உங்களையும் வேறு வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இப்போது நீங்களாகவே ஒரு தடவை வேறு வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்தில்.

சரி, வேலையை விட்டால் என்ன ஆகும்? 26,000 போய்விடும் என்பது பாதிதான் சரி. வேலைக்குப் போவதற்கென்றே சில செலவுகள் இருக்கின்றன. பிள்ளை பார்க்கிற அம்மாவுக்கு 7,000. உங்கள் ஸ்கூட்டி பெட்ரோல் 2,300. களைத்து வந்த நாட்களில் வெளியே வாங்கும் சாப்பாட்டில் பாதி, 1,500. அலுவலகத் துணிமணி 1,000. மொத்தம் 11,800 குறையும். ஆகக் குடும்பத்துக்கு நிஜமாகக் குறைவது மாதம் 14,200. (பிள்ளை பார்க்கும் கூலியை எல்லா வீட்டிலும் மனைவி சம்பளத்தில்தான் கழிக்கிறார்கள். பிள்ளை இரண்டு பேருக்கும் பிறந்தது. கூட்டல் கழித்தலுக்காக நானும் அப்படியே செய்கிறேன், நியாயம் என்பதற்காக அல்ல.) வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் 2,500-ஐ நான் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலையை விட்டதும் முதலில் அவரைத்தான் நிறுத்தத் தோன்றும். முழங்கால் ஆபரேஷன் ஆன மாமியார், ஒன்றரை வயதுப் பையன், அத்தனை பெரிய வீடு. அவரை நிறுத்தாதீர்கள்.

உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 18,000 என்றிருக்கிறீர்கள். அதில் 12 சதவீதம், 2,160 ரூபாய் உங்கள் பி.எஃப். நிறுவனமும் அதே அளவு போடுகிறது. அதில் 1,250 பென்ஷன் திட்டத்துக்கும் மீதி 910 உங்கள் பி.எஃப். கணக்குக்கும் போகிறது. மாதம் 4,320 ரூபாய் நீங்கள் தொடாமலே சேர்கிறது. உங்கள் வீட்டில் ஒழுங்காக நடக்கிற சேமிப்பு இது ஒன்றுதான். இதோடு, குடும்பத்துக்கான மருத்துவ இன்சூரன்ஸும் உங்கள் அலுவலகத்தின் வழியாகத்தான் இருக்கிறது. நீங்கள் விலகினால் அதுவும் விலகும்.

இனி என் யோசனை. உங்கள் வீட்டுக்காரருக்கு முதல் வரி பிடிக்காது. காரை விற்றுவிடுங்கள்.

அவர் வேலைக்குப் பைக்கில் போகிறார். கார் மாதம் இரண்டு மூன்று தடவை வெளியே வருகிறது. அதற்கு மாதத் தவணை 8,900, இன்னும் 14 மாதம் பாக்கி. 2,80,000-க்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் பாக்கி சுமார் 1,17,000 இருக்கும். முன்கூட்டி அடைக்கக் கொஞ்சம் கட்டணமும் கேட்பார்கள். அதெல்லாம் போக ஏறக்குறைய 1,60,000 கையில் நிற்கும். அதை அப்படியே நகைக்கடனில் கட்டுங்கள். மீதி 40,000-ஐ ஆனிக்குள் உங்கள் சம்பளத்திலிருந்து அடைத்துவிடலாம். கார் போய் நகை வரட்டும். மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போக வாடகைக் கார் வேண்டும், அதற்கு மாதம் 1,500 ஒதுக்கியிருக்கிறேன். முகப்பில் கார் நிற்காவிட்டால் பங்காளிகள் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி வரும். இரண்டு நாள் பேசுவார்கள்.

இரண்டாவது, வேலையை இப்போது விடாதீர்கள். ஆடி கழியட்டும், ஆவணியில் விடுங்கள். ஒன்பது மாதம். ஏன் ஒன்பது என்றால், நீங்கள் எடுத்துவிட்ட சீட்டு இன்னும் ஏழு மாதத்தில் முடிகிறது, 5,000 ரூபாய் பாரம் இறங்கும். அப்புறம் உங்கள் சர்வீஸ் 9 வருடம் 7 மாதம் ஆகும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். ஆகப் பத்து வருஷம். 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பத்தால் பெருக்கினால் 1,03,846 ரூபாய். இன்றைக்கே விட்டால் ஒன்பது வருஷத்துக்கு 93,461-தான். பென்ஷன் திட்டத்துக்கும் பத்து வருஷத் தகுதி வேண்டும், அங்கேயும் ஆறு மாதம் நிரம்பினால் ஒரு வருஷம் என்றே எடுப்பார்கள். பென்ஷன் பெரிய தொகை ஒன்றுமில்லை. பத்து வருஷத்துக்கு இன்றைய கணக்கில் 58 வயதில் மாதம் 2,142 ரூபாய். ஆனாலும் ஆயுசுக்கும் வரும், உங்கள் பெயரில் வரும். விலகியதும் எல்லாரும் செய்வதுபோல் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். அது அங்கேயே வட்டியோடு வளரட்டும். நாளைக்கு வேறு வேலையில் சேர்ந்தால் அதே எண்ணில் தொடரும்.

தை முடிந்து ஆவணி வரை பிள்ளையை யார் பார்ப்பது? கைக்காசை விடாதே என்று சொல்கிற உங்கள் அம்மாவை ஆறு மாதம் பள்ளத்தூருக்கு வரச் சொல்லுங்கள். சம்பந்தி வீட்டில் அத்தனை நாள் தங்குவதா என்று தயங்குவார். உங்கள் மாமியாரே போனில் கூப்பிட்டால் வருவார். அத்தனை பெரிய வீட்டில் இரண்டாங்கட்டில் ஓர் அறை இல்லாமலா போகும்! முடியாதென்றால் இன்னொரு ஆள் தேடுங்கள், ஆயிரம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். சம்பளமில்லா விடுப்பு எடுத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் போகாதீர்கள். அந்த மாதங்களுக்கு பி.எஃப். பிடித்தமும் இருக்காது.

இந்த ஒன்பது மாதமும் ஒத்திகை. ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பளம் விழுந்த அன்றே 14,200-ஐ அதில் போட்டுவிடுங்கள். மீதி 11,800 வேலைக்குப் போகிற செலவுக்கு. வீட்டின் மாதச் செலவு முழுவதும் வீட்டுக்காரரின் 44,000-க்குள் நடக்க வேண்டும். பள்ளிக் கட்டணம், பொங்கல், மொய், நகைக்கடன் பாக்கி ஆகியவற்றுக்கு அந்தத் தனிக் கணக்கிலிருந்து எடுக்கலாம். மளிகைக்கும் காய்கறிக்கும் எடுக்கக்கூடாது. எடுத்தே தீர வேண்டியிருந்தால், எதற்கென்று தேதியோடு எழுதி வையுங்கள். “சமாளிப்போம்” என்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், பேரேட்டில் அப்படி ஒரு தலைப்பு கிடையாது. இந்த நோட்டை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸை ஆவணி வரை தள்ளாதீர்கள், இந்த மாதமே வேண்டும். ஒரே சம்பளம் என்றால் ஒரே உயிரை நம்பி நான்கு பேர். இப்போதுள்ள எல்.ஐ.சி. பாலிசி அவருக்கு ஐந்து லட்சத்துக்குத்தான் காப்பு என்கிறீர்கள். அது எதற்கும் காணாது. அவர் பெயரில் குறைந்தது 75 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி (உயிருக்கு மட்டும் காப்பு, முடிவில் பணம் திரும்பாது) எடுங்கள். புகைப்பழக்கமும் பெரிய நோயும் இல்லாதவர் என்றால் நீங்கள் இப்போது கட்டும் 24,000-க்குள்ளேயே அடங்கும். டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு பழையதை ‘பெய்டு அப்’ ஆக்கிவிடலாம், அதாவது மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் நிறுத்திவைக்கலாம். குடும்பத்துக்கு மருத்துவ பாலிசியும் இப்போதே. தொடங்கி முதல் 30 நாள் விபத்து தவிர வேறு எதற்கும் கிடைக்காது, ஏற்கனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். அலுவலகப் பாலிசி இருக்கும்போதே அந்த நாட்கள் ஓடத் தொடங்கட்டும். வருஷம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஒரு ஆறுதல்.

மகளிர் உரிமைத்தொகை 1,000 கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. வீட்டுக்காரரின் சம்பளம் மட்டுமே 5 லட்சத்துக்கு மேல்.

இப்போது ஆவணிக்குப் பிந்தைய வருஷத்தைப் போட்டுப் பார்ப்போம். கார்த் தவணை இல்லை, சீட்டு இல்லை, வேலைக்குப் போகிற செலவு இல்லை, வாடகைக் கார் உண்டு. மாதச் செலவு 34,200. 44,000-இல் அது போக 9,800 நிற்கும், வருஷத்துக்கு 1,17,600. வருஷச் செலவு என்ன? பள்ளி 42,000, டேர்ம் பாலிசி 24,000, மருத்துவ பாலிசி 20,000, வீட்டுப் பங்கு 20,000, பண்டிகை 25,000, மொய் 14,000. ஆக 1,45,000. துண்டு விழுவது 27,400.

ஆக ஒரு சம்பளத்தில் முடியாது. காரை விற்று, நகையை மீட்டு, சீட்டையும் முடித்த பிறகும் முடியாது. மாதம் 2,283 ரூபாய் உதைக்கிறது. விலைவாசி ஏறுவதை நான் சேர்க்கவேயில்லை.

ஆனால் ஒன்றேகால் சம்பளத்தில் முடியும். உங்கள் சம்பளத்தில் கால்பங்கு 6,500. நீங்கள் கணக்கு தெரிந்தவர், டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்தவர், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்தவர். அந்தத் தாக்கலுக்குக் கெடுவான மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் வந்தால் எத்தனை கடைக்காரர்கள் தவிக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் என்று மூன்று கடைகள் போதும். மளிகைக் கடை, பாத்திரக் கடை, ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறை, எதுவானாலும் சரி. பையன் தூங்குகிற மத்தியான நேரத்தில், முகப்பில் ஒரு மேசை போட்டு முடிக்கக்கூடிய வேலை. வருஷத்துக்கு 78,000. துண்டு விழுவதை அடைத்த பிறகு 50,600 மிஞ்சும். இப்போது இரண்டு சம்பளத்தில் உங்களுக்கு மிஞ்சாதது இது. மூன்று கடைகளையும் வேலையை விட்ட பிறகு தேடாதீர்கள். வைகாசியிலேயே பேசி வையுங்கள். ஆவணிக்குள் இரண்டு கடைகளாவது உறுதியாகாவிட்டால், ராஜினாமாக் கடிதத்தைத் தள்ளிப் போடுங்கள்.

கிராஜுவிட்டியாக வரும் ஒரு லட்சத்தை எதற்கும் தொடாதீர்கள். அது மூன்று மாதச் செலவு, ஆபத்துக்கு. மிஞ்சும் ஐம்பதாயிரத்தில் மாதம் 2,000 உங்கள் பெயரிலேயே ஒரு பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போகட்டும். நின்றுபோகும் அந்த 4,320-இல் ஏறக்குறையப் பாதி திரும்பச் சேரும். உங்கள் அம்மா சொல்கிற கைக்காசு இதுதான், அவர் சொல்வதில் தப்பில்லை. பையன் பள்ளியில் சேரும் வருஷம் மிச்சமெல்லாம் அவன் கட்டணத்துக்குப் போய்விடும். அப்போது நீங்கள் திரும்ப வேலைக்குப் போக வேண்டியிருக்கும். கடைக் கணக்குகளை விடாமல் செய்து வந்தால், நடுவில் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய வீட்டுச் செலவைப் பற்றி ஒன்று. கூரை ஓட்டுக்காக நகை வைத்தது போல் இன்னொரு தடவை ஆகக்கூடாது. பங்காளிகள் எல்லாரும் பொங்கலுக்கு வருவார்கள் இல்லையா, அப்போது உட்கார்ந்து பேசுங்கள். தலைக்கு மாதம் இவ்வளவு என்று பொதுவில் போட்டு வைத்தால் மழைக்கு முன்னால் ஓடு மாற்றப் பணம் இருக்கும். வெளியூரில் இருக்கிறவர்கள் சரி என்பார்கள், பணம் அனுப்ப மறப்பார்கள். நினைவூட்டுகிற வேலையை உங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, உங்கள் கடிதம் மூன்று பக்கம். கணவர் சொன்னது, அம்மா சொன்னது, மாமியார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கியது, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட உங்களுக்கு விருப்பமா இல்லையா என்று ஒரு வரிகூட இல்லை. விருப்பமில்லை என்றால் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும். மாமியாருக்கும் பையனுக்கும் சேர்த்து முழுநேரம் ஓர் ஆள் வைக்க என்ன ஆகும் என்று அப்போது பார்க்கலாம். கார் விற்ற பணம் அங்கே உதவும். தை பிறந்த பிறகு, ஒத்திகையின் முதல் மாத நோட்டோடு இதையும் எழுதி அனுப்புங்கள். காரை விற்கும் முன் மாமியாரை ஒரு தடவை பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போய்விட்டு வந்துவிடுங்கள்.